புளிப்பு மாதுளை

சாஃபி ஊரில் மத்தி மீனுக்கு நேரம் காலம் கிடையாது. படகுகள் எப்போது துறைக்குள் நுழைகின்றனவோ அப்போது டப்பா ஃபேக்டரிகளின் சங்கு ஊதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். ஒன்று கன்றைத் தேடும் மாடு மாதிரி அலறும், இன்னொன்று சளி பிடித்த கிழவன் மாதிரி இழுக்கும். கிஸ்லான் வேலை பார்த்த ஃபேக்டரிக்கு ஒரு நீளம், இரண்டு குட்டை. அது ஊதினால் ஊர்ப் பெண்கள் வாயில் கடித்த ரொட்டியோடு ஓடுவார்கள். முந்திப் போனவர்களுக்கு மேசையில் இடம். பிந்திப் போனவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று மீன் நாற்றத்தை முகர்ந்துவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

அந்த அக்டோபர் மாதத் திங்கட்கிழமை காலையில் சங்கு ஊதியபோது கிஸ்லான் தொட்டியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நாலரை மாதம் ஆகியும் வாந்தி விட்டபாடில்லை. மாமியார் ஹனியா பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். தடவியவள் திடீரென்று படீரென ஒரு அடி வைத்தாள், மருமகளின் புறங்கையில்.

"மூக்கத் தொடாதடீ! பக்கத்து வீட்டுல ஈரல் சுடறா. வாசனை புடிச்சிட்டு மூக்கத் தொட்டியானா பிள்ளை மூக்குல ஈரல் மாதிரி மச்சம் விழும்!"

"வாந்தி எடுத்தவ மூக்கத் தொடைக்க வேணாமா அத்தே?"

"துணியால தொடை. விரல் படக்கூடாது. இரு, நான் போயி ரெண்டு துண்டு வாங்கியாறேன்."

"எனக்கு ஈரல் வேணாம். சங்கு ஊதிடுச்சு, நான் போறேன்."

"உனக்கு வேணாம். பிள்ளைக்கு வேணும்!"

கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்துத் தங்கியிருக்கும் பிள்ளை. அதனால் ஹனியாவுக்குத் தலைகால் புரியவில்லை. மசக்கைக்காரி ஆசைப்பட்டதைக் கொடுக்காமல் விட்டால், அவள் அந்நேரம் உடம்பில் எங்கே கை வைக்கிறாளோ அங்கே பிள்ளைக்கு மச்சம் விழும் என்பது அந்த ஊரில் குர்ஆனுக்கு அடுத்த சத்தியம். இல்லை என்று சொன்னவளுக்குப் பாவம் சேரும். ஆகவே சந்தில் யார் வீட்டில் என்ன கொதித்தாலும் ஒரு தட்டு கிஸ்லான் வீட்டுக்கு வந்துவிடும். ரவை அப்பம், தேன், பருப்புக் கஞ்சி, வறுத்த மிளகாய், ஒருநாள் ஒட்டகக் கறி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல அவள் வயிற்றை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், வீட்டிலோ வாசலில் தட்டுகள் வரிசைகட்டி நின்றன. யாராவது ஃபேக்டரி ஆள் அந்தப் பக்கம் வந்து பார்த்தால் போதும், கதை முடிந்தது.

ஃபேக்டரிக்குத் தெரியக்கூடாது. அந்த வாரம் மட்டுமாவது தெரியவே கூடாது.

ஏனென்றால் வியாழக்கிழமை பன்னிரண்டு பேருக்கு வருஷ ஒப்பந்தம் எழுதப்போகிறார்கள். ஆறு வருஷமாகக் கிஸ்லான் சங்குக்கு ஓடுகிற தினக்கூலி. ஒப்பந்தக்காரி ஓட வேண்டியதில்லை, அவளுக்கு மேசையில் அவள் இடம் இருக்கும். காப்பீட்டு அட்டை உண்டு. பிள்ளை பெற்றால் பதினாலு வாரம் விடுப்பு உண்டு, திரும்பி வந்தால் வேலையும் உண்டு. தினக்கூலி பிள்ளை பெற்றால், திரும்பி வரும்போது கேட்டில் நிற்கும் காவல்காரனுக்கே அவள் முகம் மறந்திருக்கும்.

*

அன்றைக்குப் பெட்டி பெட்டியாக மத்தி வந்து இறங்கியது. நீளமான மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள். இடது கையில் மீன், வலது கையில் சின்னக் கத்தி. தலையை ஒரு வெட்டு, அதே வெட்டில் குடலை ஒரு இழு, உடலைத் தட்டில் அடுக்கு, அடுத்த மீன். நாலு மணி நேரத்தில் உப்புத் தண்ணீரில் விரல்கள் வெளுத்து ஊறிவிடும், நகக்கண் வெடிக்கும். கிஸ்லானின் கைக்கு அந்த மேசையில் மரியாதை உண்டு. அவள் அடுக்கிய தட்டில் ஒரு வால் பிசகியிருக்காது.

"அப்ரனை இன்னும் லூசாக் கட்டு," என்று பக்கத்தில் நின்ற சாதியா முணுமுணுத்தாள். மேசையில் விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். "மேஸ்திரி வர்றா."

மேஸ்திரி பத்தூல் மேசையோரமாக நடந்து வந்தாள், மரியாதைக்கு எல்லோரும் லல்லா என்பார்கள். இருபத்தைந்து வருஷம் இதே மேசையில் மீன் வெட்டி மேலே வந்தவள், அதனால் யாரும் அவளை ஏமாற்ற முடியாது. குடல் வாளியைப் பார்த்து முகத்தைத் திருப்புகிறவள் யார், கழிப்பறைக்கு அடிக்கடி ஓடுகிறவள் யார் என்று நோட்டம் விட்டபடியே நடப்பாள். கிஸ்லான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாளியை ரோஜாப் பூக்கூடையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"வியாழக்கிழமை மதியம் ஆபீஸுக்கு வா," என்றாள் பத்தூல், நிற்காமலேயே. "உன் பேரு பன்னிரண்டாவது."

கிஸ்லானுக்குக் கத்தி நழுவியது. கண்ணாடிக்குப் பின்னால், மாடி ஆபீஸில், மேனேஜர் சி தஹாமி ஃபோனில் கத்திக்கொண்டிருந்தார். இடது காதுக்குக் கீழே கழுத்துவரை அவருக்கு ஒரு செந்நீலப் பிறவி மச்சம். அவர் அம்மா மாசமாக இருந்தபோது பக்கத்து வீட்டு பீட்ரூட்டுக்கு ஆசைப்பட்டாளாம், அந்த வீட்டுக்காரி இல்லை என்று சொல்லிவிட்டாளாம். ஃபேக்டரியில் பாதிப்பேருக்கு அவர் பெயரே பீட்ரூட்தான்.

"பன்னண்டாவது!" என்றாள் சாதியா. "மூணு நாளு. மூணே நாளு வாயையும் வயித்தையும் கட்டு."

"என் வாயை நான் கட்டிடுவேன். என் மாமியார் வாயை யாரு கட்டறது?"

*

சாயங்காலம் வீடு திரும்பும் வழியில்தான் அந்தத் தப்பு நடந்தது. பாதி வழியில் ஹனியா வந்து நின்றாள், பிள்ளைத்தாச்சி தனியாக நடக்கக்கூடாதாம். வழியில் லல்லா பத்தூலின் வீடு. சுற்றுச்சுவருக்கு மேலே ஒரு மாதுளை மரம், கிளைகள் வளையக் காய்த்திருந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று கிஸ்லான், "இந்த வருஷம் நல்லாக் காய்ச்சிருக்கு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கன்னத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டினாள்.

ஹனியா அப்படியே நின்றுவிட்டாள். மருமகளின் கன்னத்தையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததே ஒரு அறிகுறி என்று கிஸ்லானுக்கு அப்போது தோன்றவில்லை. காலெல்லாம் வலி, படுத்தால் போதும் என்றிருந்தது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தபோது சமையலறையில் ஒரு துணி மூட்டை. பிரித்தால் ஏழு மாதுளை.

"இது ஏது?"

"சாப்பிடு, சாப்பிடு. பிஸ்மில்லா சொல்லி சாப்பிடு. நல்ல புளிப்பு."

"அத்தே, ஏதுன்னு கேட்டேன்."

"பத்தூல் வீட்டுதுதான். நேத்து நீ பாத்த பார்வையிலயே எனக்குப் புரிஞ்சு போச்சு. கன்னத்தை வேற தொட்டுட்ட. மாதுளை நிறத்துல பொம்பளப் பிள்ளைக்குக் கன்னத்துல மச்சம் விழுந்தா நாளைக்கு எவன் கட்டுவான்?"

கிஸ்லான் மூட்டையைத் தள்ளி வைத்தாள். "அவங்ககிட்ட என்ன சொல்லிக் கேட்டீங்க?"

"மருமகளுக்கு மசக்கைன்னு சொல்லித்தான் கேட்டேன். வேற என்னன்னு கேப்பாங்க? சும்மாவா குடுப்பா, அவ உலகமகா கஞ்சம். மசக்கைன்னதும் மறுபேச்சு பேசலியே! அவளே ஏணி போட்டு ஏறிப் பறிச்சா."

"அவங்கதான் என் மேஸ்திரின்னு தெரியுமா தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? அதான் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டு வந்தேனே, இது யாருக்கும் தெரியக்கூடாது லல்லா, ஃபேக்டரியில ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு."

கிஸ்லானுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஐந்து வாரம் அப்ரனுக்குள் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றது, வாந்தியை விழுங்கியது, குடல் வாளியைப் பார்த்துச் சிரித்தது எல்லாம் ஏழு மாதுளைக்கு விலையாகப் போய்விட்டது. பூனையிடமே போய் மீனுக்குக் காவல் இரு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் இந்த மகராசி.

"எனக்கு மாதுளை மேல ஆசையே இல்ல அத்தே. மரம் காய்ச்சிருக்குன்னு சொன்னேன். கன்னத்துல ஈ உக்காந்துது."

"ஈ எதுக்கு அந்த நேரம் பாத்து அங்க வந்து உக்காரணும்? அதை யோசிச்சியா?"

கிஸ்லான் ஒரு பழத்தைக்கூடத் தொடாமல் போய்ப் படுத்துவிட்டாள்.

கணவன் மூலூத் இரண்டு நாள் மீன்பிடிக்கக் கடலில் இருந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். நல்லவன், குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். ஆனால் எதைக் கேட்டாலும் அவனிடம் ஒரே பதில்தான் வரும்.

"மேஸ்திரிக்குத் தெரிஞ்சு போச்சு," என்றாள் கிஸ்லான். "இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"உன் இஷ்டம்."

"ஒப்பந்தம் இல்லன்னுட்டா? திரும்பவும் சங்குக்கு ஓடவா, இல்ல நின்னுடவா?"

"உன் இஷ்டம்தான்."

"நின்னுட்டா உன் படகுப் பங்கு மட்டும் போதுமா? ஜனவரி பிப்ரவரி என்ன செய்வோம்?"

"அந்த ரெண்டு மாசம் நான் வீட்டுலதானே இருப்பேன். படகெல்லாம் கட்டிடுவாங்க. மத்தி முட்டை போடற காலம், புடிக்கக் கூடாதுன்னு சர்க்கார் உத்தரவு. உன்னை நான் பாத்துக்கறேன்."

"என்னைப் பாத்துக்கலாம். சோத்துக்கு?"

மூலூத் தாடியைச் சொறிந்தான். வாயைத் திறந்தான்.

"உன் இஷ்டம்னு மட்டும் சொன்ன, இந்த மாதுளையால மண்டையை உடைச்சிடுவேன். எல்லாம் என் இஷ்டம், என் இஷ்டம்! அஞ்சு வருஷத்துல என் இஷ்டத்துக்கு ஒண்ணாவது நடந்துருக்கா?"

அவன் எழுந்து வெளியே போய் வலையைத் தைக்க உட்கார்ந்தான்.

*

புதன்கிழமை முழுக்க லல்லா பத்தூல் வாயே திறக்கவில்லை. இரண்டு தடவை மேசையைச் சுற்றி வந்தாள், கிஸ்லானைப் பார்க்காமலே போனாள். வேலை முடிந்து எல்லோரும் கைக்கு எலுமிச்சைத் தோல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, உப்புக் கிடங்கின் பக்கம் அவளைக் கூப்பிட்டாள்.

"மாதுளை எப்பிடி?"

"இன்னும் சாப்பிடல லல்லா."

"சாப்பிடுடீ. குடுத்ததைச் சாப்பிடாம மச்சம் விழுந்தா பழி எனக்கு." பத்தூல் தலைத்துணியை இழுத்து முடிந்துகொண்டாள். "உன் மாமியா என் வீட்டுக்கு வராம இருந்திருந்தா எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. தெரியாத விஷயத்துக்கு நான் பொறுப்பில்ல. இப்ப தெரிஞ்சு போச்சு. வயித்துக்காரிக்கு வருஷ ஒப்பந்தம் கிடையாதுன்னு மேனேஜர் எங்கிட்ட சத்தியம் வாங்காத குறை. நாளைக்கு உன் வயிறு மேல வந்தா என் வேலைதான் போகும். எனக்கும் ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் பாக்கி."

"என் கை வேலை உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதானே பேரு எழுதினேன்? வயிறு தெரிஞ்சுதானே இப்ப அந்தப் பேரை அடிச்சேன்?" அவளுக்கே கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். "டிசம்பர் வரைக்கும் ஒரு தாள் தர்றேன். மூணு மாசம். அதுக்கப்புறம் போயி பெத்துக்க. திரும்பி வந்தா கேட்டுல நில்லு, நான் இருந்தா கூப்பிடறேன்."

"டிசம்பர்ல முடிஞ்சா விடுப்பு கிடைக்காது, அட்டை கிடைக்காது."

"கிடைக்காது."

"அப்ப அது எதுக்கு?"

"ஒண்ணும் இல்லாததுக்கு அது மேல்," என்றாள் பத்தூல்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது ஹனியா, "அல்லா உனக்கு உக்காருன்னு சொல்றான், நீ நிக்கறேன்னு அடம் புடிக்கற," என்றாள். சாதியா, கிடைத்ததை வாங்கிக்கொள் என்றாள். எதிர்வீட்டுக்காரி, தன் தங்கைக்கு அந்த இடத்தைக் கேட்டுச் சொல்ல முடியுமா என்றாள். கேட்ட கையோடு ஒரு தட்டு அவித்த கொண்டைக்கடலையும் வைத்துவிட்டுப் போனாள், ஆசை நிறைவேறட்டும் என்று. ஊரே சேர்ந்து அவள் நாக்கு கேட்காததையெல்லாம் கொண்டுவந்து கொட்டியது. அவள் கேட்ட ஒன்றை மட்டும் யாரும் காதில் வாங்கவில்லை.

*

வியாழக்கிழமை மதியம் கிஸ்லான் கத்தியைக் கழுவி மேசையில் வைத்தாள். அப்ரனை அவிழ்க்காமலே படியேறினாள். லூசாகக் கட்டியிருந்த கயிற்றை, படியில் நின்று, இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வயிறு எடுப்பாகத் தெரிந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆபீஸில் சி தஹாமி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பத்தூல் பட்டியலோடு நின்றாள். பதினோரு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனா மை காயாத சந்தோஷத்தோடு வாசலில் கூட்டமாக நின்றார்கள். பட்டியலின் பன்னிரண்டாவது வரியில் கிஸ்லானின் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் வேறு பெயர் எழுதப்படவில்லை.

"உனக்கு டிசம்பர் வரைக்கும் தாள் தயாரா இருக்கும்மா," என்றார் சி தஹாமி, அவள் வயிற்றைப் பார்க்காமல். "அல்லா கிருபையால நல்லபடியாப் பெத்து வா."

"எனக்கு எப்ப பிரசவம்னு கேளுங்க சி தஹாமி."

"அதை நான் ஏம்மா கேக்கணும்?"

"பிப்ரவரி கடைசியில. ஜனவரி பிப்ரவரி உங்க படகெல்லாம் கரையில கட்டிக் கிடக்கும். மேசையில வெட்ட மீனே இருக்காது. நீங்களே பாதி ஃபேக்டரியைப் பூட்டிடுவீங்க. நல்ல மீன் வர்ற ஜூன்ல நான் மேசையில நிப்பேன். உங்களுக்கு என்ன நட்டம்?"

"சட்டதிட்டம்னு ஒண்ணு இருக்கில்ல..."

"படகை எதுக்குக் கட்டறாங்க? மத்தி முட்டை போடுதுன்னுதானே? அதைத் தொந்தரவு பண்ணக்கூடாது, முட்டை போட்டுட்டுத் திரும்பி வரட்டும்னுதானே சர்க்கார் சொல்லுது? மீனுக்குக் குடுக்கற விடுப்பை மீன் வெட்டறவளுக்குக் குடுக்க மாட்டீங்களா?"

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சி தஹாமிக்குச் சுருக்கென்றது.

"மீன் வேற, மனுஷி வேற. மீன்கிட்ட நாங்க ஒப்பந்தம் எழுதல. போம்மா, எனக்கு வேலை இருக்கு."

அவர் காகிதக் கட்டை எடுத்து டிராயரில் வைக்கப் போனார். கட்டில் கடைசியாக ஒரே ஒரு வருஷத் தாள் கையெழுத்தில்லாமல் இருந்தது. கிஸ்லான் அதைப் பார்த்தாள். உடம்பெல்லாம் ஓய்ந்து, நியாயம் பேசுவதற்கே அலுப்பாக இருந்தது. ஐந்து வாரமாக அவளிடம் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: என்ன வேணும், எது மேல ஆசை, சொல்லு, சொல்லு, மனசுல வச்சுக்காத.

"சி தஹாமி," என்றாள். "எனக்கு மசக்கை."

"என்ன?"

"அந்தத் தாள் மேல எனக்கு ஆசையா இருக்கு. நாக்குல எச்சி ஊறுது. ஈரல் வேணாம், தேன் வேணாம், மாதுளை வேணாம். அதுதான் வேணும். எல்லார் முன்னாடியும் கேக்கறேன். இல்லன்னு நீங்க சொல்லுங்க."

சொல்லிவிட்டு இடது கையை மெதுவாகத் தூக்கினாள். மீன் செதில் ஒட்டியிருந்த விரல்களை இடது காதுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை.

வாசலில் பதினோரு பேரும் ஒரே மூச்சாக "யா லத்தீஃப்" என்று அல்லாவைக் கூப்பிட்டார்கள். லல்லா பத்தூல் பட்டியலைக் கீழே போட்டாள்.

"கையை எடுடீ! பாவி, கையை எடு! பிள்ளைக்கு விழுந்துடும்!"

"விழட்டும் லல்லா. யாரு இல்லன்னு சொன்னாங்கன்னு பிள்ளை கேட்டா சொல்லிக்கறேன்."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் கையை அங்கே வைத்துக்கொண்டு நின்றபோது அவளுக்கு அழுகை முட்டியது. இது பொய்யில்லை. ஆறு வருஷத்தில் அவள் இத்தனை ஆசையாக வேறு எதையும் கேட்டதில்லை.

கீழே டப்பா மூடும் இயந்திரம் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. சி தஹாமியின் கை தானாக எழுந்து காதுக்குக் கீழே போயிற்று. அந்த மச்சத்தைத் தடவியது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் என்னென்ன பெயர் வைத்துக் கூப்பிட்டார்களோ, பெண் பார்க்கப் போன இடத்தில் என்ன சொன்னார்களோ, அது அவருக்குத்தான் தெரியும்.

"எங்கம்மா கேட்டது ஒரே ஒரு பீட்ரூட்டு," என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். "சாகறவரைக்கும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரியத் திட்டிட்டிருந்தா."

தாளை உருவி மேசையில் தள்ளினார்.

"குடு அவளுக்கு. சீக்கிரம் கையெழுத்துப் போடச் சொல்லு. அப்புறம் கையை எடுக்கச் சொல்லு, தயவுசெஞ்சு."

பத்தூல் பேனாவைக் கொடுத்தாள். கிஸ்லான் வலது கையால் கையெழுத்துப் போட்டாள்.

*

வீட்டில் ஹனியா முழுக்கதையையும் கேட்டாள். சந்தோஷப்படுவாள் என்று கிஸ்லான் நினைத்தாள், ஆனால் அவள் முகம் வெளுத்துப் போயிற்று.

"காகிதத்து மேல ஆசைன்னு சொல்லிட்டு உடம்பைத் தொட்டியா? பிள்ளை கழுத்துல எழுத்து எழுத்தா விழுந்தா? எங்க தொட்ட, காட்டு."

"காதுக்குக் கீழ."

ஹனியா மருமகளின் கழுத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அங்கேயே தெரிந்துவிடும் என்பதுபோல.

"தாள் கைக்கு வந்தப்புறம்தானே கையை எடுத்த?"

"கையெழுத்துப் போட்டு முடிச்சப்புறம் எடுத்தேன். வலது கையால போட்டேன், இடது கை அங்கயேதான் இருந்துது."

"அப்ப ஆசை தீந்துதான் கை எடுத்திருக்க." ஹனியா நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள். "அல்ஹம்துலில்லா. மச்சம் விழாது." உடனே அவள் குரல் மாறியது. "பாத்தியா? நான் போயி பத்தூல்கிட்டச் சொல்லலன்னா இதெல்லாம் நடந்திருக்குமா?"

மூலூத் வலையிலிருந்து தலையைத் தூக்கினான்.

"அப்ப ஜூன்ல வேலைக்குப் போகப் போறியா?"

"என் இஷ்டம்," என்றாள் கிஸ்லான்.

ஹனியா தலைத்துணியைப் போட்டுக்கொண்டு சந்துக்குக் கிளம்பிவிட்டாள். "அத்தே, யார்கிட்டயும் சொல்லாதீங்க!" என்று கிஸ்லான் கத்தினாள். "யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு சொல்லித்தான் சொல்லப் போறேன்!" என்று வாசலிலிருந்து பதில் வந்தது.

கிஸ்லான் சமையலறைக்குப் போய் ஒரு மாதுளையை எடுத்துத் தரையில் தட்டி உடைத்தாள். நாலு முத்தை வாயில் போட்டாள். பல் கூசுகிற புளிப்பு. நாலு முத்து எட்டாகி, ஒரு பழம் மூன்றாகியது. ஏழாவது பழத்தை உடைத்தபோதுதான் அவளுக்கு எரிச்சலாக வந்தது, ஆசை உண்மையிலேயே இருந்திருக்கிறது.